நாவில் தூய தமிழ். கையில் நெகிழிப் பையா?

திருச்சிராப்பள்ளியினின்று துறையூர் செல்லும் சாலையில் மண்ணச்சநல்லூரைக் கடந்து வடக்கே சென்றால், வெண்ணிறப் பாறை ஒன்றின்மேல் எழுந்த பழந்திருக்கோயிலைக் காணலாம். அறை என்பது பாறை. வெள்ளறை என்பது வெண்பாறை. கண்ணெதிரே நின்ற கல்லைப் பார்த்து, அக் கல்லின் நிறத்தையே ஊருக்குப் பெயராக்கினான் தமிழன். பின்வந்தோர் அவ் வூரைச் 'சுவேதகிரி' என்றும், அங்குள்ள தாமரைக்கண்ணனைப் 'புண்டரீகாட்சன்' என்றும் எழுதிவைத்தனர். கோயிலுக்குள் வடசொல் நுழைந்தது. ஊர்ப்பெயரை மட்டும் அசைக்க முடியவில்லை. இன்றும் அது திருவெள்ளறையே. பொருள் கண்முன் நிற்கும்வரை அதன் பெயரை எவராலும் பறிக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

அக் கோயிலை ஒட்டி ஒரு கேணி உண்டு. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆட்சியாண்டில் அதைக் கட்டி முடித்தவன், ஆலம்பாக்கத்து விசயநல்லூழான் தம்பி கம்பன் அரையன். மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது கல்வெட்டில் உள்ள பெயர். நாலுமூலைக் கேணி என்பது ஊரார் வழங்கும் பெயர். நாற்புறமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பி நீரை அடையும். ஒரு துறையில் நிற்பார்க்கு மறு துறையில் நிற்பார் தெரியார்; ஆயினும் எல்லாரும் முகப்பது ஒரே நீர்.

ஏறத்தாழ 1200 ஆண்டுகள் கடந்துவிட்டன. கேணி நிற்கின்றது. கட்டியவன் பெயரும் கல்லில், தமிழில், நிற்கின்றது. இக்கால் எந்த ஊர்க் கடைக்குச் சென்று கைப்பிடி உப்பு வாங்கினும், அது ஒரு நெகிழிப் பையில் விழுகின்றது. கடையினின்று வீடு சேரும் சிறு பொழுதிற்கு மட்டும் பயன்படும் அப் பை, மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் மட்காது கிடக்கும் என்கின்றனர் அறிவியலார்.

நிலைக்க வேண்டியதை நிலைக்கச் செய்வதும், மறைய வேண்டியதை மறையச் செய்வதுமே பழந்தமிழர் வாழ்வு. வாழையிலை ஒரு வேளை உணவிற்கு. அடுத்த வேளை மாட்டிற்கு. அதற்கும் அடுத்து எருவிற்கு. கற்கேணியோ ஆயிரம் ஆண்டிற்கு. இற்றை வணிகம் இவ் விரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. சட்டை ஓராண்டில் கிழிகின்றது; சட்டையைச் சுற்றி வந்த உறை கிழியாமல், மட்காமல், பேரன் காலத்திற்கும் கிடக்கின்றது!

பொருள் போனால் பெயர் போகும்

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பாவாணரின் வேர்ச்சொல் ஆய்வும், பெருஞ்சித்திரனார் 1959-இல் தொடங்கிய தென்மொழியும் ஊட்டிய உணர்வால், பல்லாயிரம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர்கள் வந்தன. திருமண அழைப்பிலிருந்து கடைப் பலகை வரை தமிழ் ஏறியது. இவை அரும்பெரும் ஆக்கங்கள். ஆயினும் ஓர் உண்மையை இயக்கத்தார் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அயற்சொல் வந்து தமிழ்ச்சொல்லைத் துரத்துவது ஒரு வகை அழிவு. சொல் குறித்த பொருளே வீட்டைவிட்டு வெளியேறி, அதனால் சொல் தானே சாவது மற்றொரு வகை அழிவு. முதல் வகையைத் தடுக்க அகரமுதலி உதவும். இரண்டாம் வகையை எந்த அகரமுதலியும் தடுக்காது.

கடகம், கொட்டான், சுளகு, உறி, பிரிமணை, தொன்னை, நார்ப்பெட்டி, ஈர்க்குமாறு, கலயம். இவை என்னவென்று கேட்டால், நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் விடை சொல்வர்? அப் பிள்ளைகளைக் குறை சொல்வதில் பொருளில்லை. பனையோலையால் முடைந்த கடகத்தை அவர்கள் கண்டதில்லை. வைக்கோற்புரியால் சுற்றிய பிரிமணைமேல் பானை அமர்ந்ததைக் கண்டதில்லை. காணாத பொருளின் பெயர் நாவில் எங்ஙனம் தங்கும்? பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கப்பட்ட செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம், சொற்களுக்கு வேர் காட்டும் கருவூலம். அக் கருவூலம் சொற்களின் கல்லறையாகிவிடாமல் காப்பது, கடைத்தெருவில் பொருள் வாங்கும் தமிழரின் கையில்தான் உள்ளது.

'பிளாசுட்டிக்' என்னும் சொல்லை நீக்கி 'நெகிழி' என்று வழங்கச் செய்தாயிற்று. நன்று. ஆனால், பெயரை மாற்றியதால் நஞ்சு அமிழ்தாகிவிடுமா? தூய தமிழில் 'நெகிழிப் பை' என்று கேட்டு வாங்கி வருபவன் மொழியைக் காத்தான், மண்ணைக் கொன்றான். அம் மண்ணில் விளைந்த ஓலையின் பெயரையும், நாரின் பெயரையும் அவனே கொன்றான்.

மஞ்சட்பையின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. திருமண வீட்டில் வெற்றிலை பாக்கோடு தந்த பை அது. துணிக்கடையில் துணியோடு தந்த பையும் அதுவே. பருத்தியில் தைத்து, மங்கலநிறம் ஏற்றி, ஊர்ப்பெயரும் மணமக்கள் பெயரும் அச்சிட்ட பை, பத்தாண்டு உழைத்தது. பின்னர் ஒரு காலம் வந்தது. மஞ்சட்பை தூக்கியவன் நாட்டுப்புறத்தான் என்று திரைப்படங்கள் நகையாடின. நகர் வந்த இளைஞன் அப் பையை மடித்து மறைத்தான். பளபளக்கும் நெகிழிப் பையைத் தூக்கிக் கொண்டான். முடிவு என்ன? 2019 சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாட்டரசு தடைசெய்ய நேர்ந்தது. 2021 திசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்க நேர்ந்தது. 2022-இல் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில், 10 உருபா இட்டால் மஞ்சட்பை தரும் பொறி நிறுவப்பட்டது. அரசின் முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும், பாட்டன் விலையின்றிப் பெற்ற பையைப் பேரன் பொறிக்குக் காசு போட்டு வாங்க நேர்ந்த இழிவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் பொருளைத் தானே இகழ்ந்த இனம் கட்டும் தண்டம் இது.

உறந்தை நெய்த துணி

திருவெள்ளறைக்குத் தெற்கே, காவிரிக்கு அப்பால் இருப்பது உறையூர். சோழர் கோநகராய் விளங்கிய அவ் வூரின் மெல்லிய துணியை, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் பெயரறியாக் கிரேக்கர் ஒருவர் எழுதிய செங்கடற் செலவு நூல் குறிக்கின்றது. அந்நூல் கூறும் 'அர்கரு' என்பது உறையூரே என்பர் ஆய்வாளர். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது, துணிக்குச் சாயமேற்றும் தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. கீழடியில் நூல்நூற்கும் தக்களிகள் கிடைத்துள்ளன. ஆடையின்றித் திரிந்த மக்களுக்கு அயலார் வந்து ஆடை கொடுத்தனர் என்று எவரேனும் கூறின், மண்ணே மறுத்துரைக்கும்.

மொழியும் மறுத்துரைக்கும். தறியினின்று துணிக்கப்பட்டது துணி, அறுக்கப்பட்டது அறுவை, துண்டாக்கப்பட்டது துண்டு. நூற்கப்பட்டது நூல், கற்கப்படும் ஏட்டிற்கும் அதுவே பெயர். பஞ்சினின்று இழை திரித்தலையும் சொல்லினின்று நூல் யாத்தலையும் ஒப்பிட்டுக் காட்டுகின்றது நன்னூற் பாயிரம். எழுதுபவனையும் நெய்பவனையும் ஒரே சொல்லால் இணைத்துப் பார்த்தது தமிழ். அத் தமிழைக் காக்கப் புறப்பட்டவர்கள், நூலின் ஒரு பொருளைத் தலைமேல் வைத்து, மறு பொருளைத் தெருவில் எறிதல் முறையாகுமா?

எறிந்ததன் கணக்கு இது. 2009-10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் கைத்தறித் தொழிலில் இருந்தோர் 43 இலக்கத்து 31 ஆயிரம் பேர். 2019-20-இல் எடுத்த கணக்கெடுப்பில் அத் தொகை 35 இலக்கத்து 22 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் எட்டு இலக்கம் கைகள் தறியை விட்டு விலகின. கைத்தறிக்கென்றே சில துணிவகைகளை ஒதுக்கிவைத்த 1985-ஆம் ஆண்டுச் சட்டம், முதலில் 22 வகைகளைக் காத்தது. பின்னர் அவை 11 ஆகச் சுருக்கப்பட்டன. எஞ்சிய வகைகளையும் விசைத்தறியில் நெய்து, 'கைத்தறி' என்று சொல்லி விற்கும் கரவு ஒழியவில்லை. உண்மைக் கைத்தறியை அடையாளங்காட்ட 2006-இல் தனிக்குறி ஒன்று கொண்டுவரப்பட்டது. அக் குறி உள்ளதா என்று கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்?

உறையூரில் இன்றும் தறியோசை முற்றும் நின்றுவிடவில்லை. மேற்கே, காவிரிக்கரை மணமேட்டிலும் பருத்திச் சேலை நெய்வோர் உள்ளனர். திருச்சிராப்பள்ளிப் பெரிய கடைத்தெருவிலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் மாடிமேல் மாடியாய் எழுந்த துணிக்கடைகளில் ஆடிமாதக் கழிவு விலைக்கு முட்டிமோதும் கூட்டம், சில கல் தொலைவில் உள்ள இத் தறிகளை ஒருநாளேனும் எட்டிப் பார்க்குமாயின், அவ் வோசை இன்னும் ஒரு தலைமுறை கேட்கும்.

மலிவின் விலையைக் கட்டுவது யார்?

'கைத்தறி விலை மிகுதி. ஆலைத்துணி மலிவு' என்பது வழக்கமாய் எழும் மறுப்பு. மலிவு என்பது என்ன? வாங்குபவன் கொடாத விலையை வேறெவரோ கொடுக்கின்றனர் என்பதே அதன் பொருள்.

நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினர். 1992-இல் பணி முடிந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அது திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. 'தண்ணீர் தாருங்கள்' என்று கேட்க வேண்டிய உழவர்கள், 'அந்நீரைத் திறந்துவிடாதீர்கள்' என்று தடுக்கும் கொடுமையைத் தமிழ்நாடு கண்டது. வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. 2011 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத ஏற்பாடு செய்யும்வரை எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பட்டறைகள் பின்னர்க் கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஏற்பாடுகளோடு திறக்கப்பட்டன. ஆனால், உப்பேறிய வயலும் கெட்ட கிணறும் ஆணையால் ஒரே நாளில் திருந்துமா?

நொய்யல் எங்கே போகின்றது? கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கின்றது. கரூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவைப் பல்லாண்டு சுமந்த அமராவதி எங்கே போகின்றது? திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கின்றது. அக் காவிரிதான் முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, திருவரங்கத்தை இருகையால் அணைத்துச் செல்கின்றது. திருச்சிராப்பள்ளி மக்கள் குடிப்பது அந்நீர். மேல்நாட்டார் ஒருவர் ஓராண்டு உடுத்தி எறியும் உள்ளாடையின் சாயத்தைத் தமிழ்நாட்டு ஆறு சுமந்தது. ஊதியம் ஏற்றுமதியாளருக்கு, உடை அயலாருக்கு, நஞ்சு தமிழருக்கு! இதைவிட ஒரு நாட்டுக்கு வேறென்ன அடிமைத்தனம் வேண்டும்?

உலகெங்கும் இதே கதைதான். 2013 ஏப்பிரல் 24-இல் வங்கதேசத்துத் தாக்காவை அடுத்த சவாரில், மேல்நாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்த பட்டறைகள் இயங்கிய 'இரானா பிளாசா' என்னும் கட்டடம் இடிந்து, 1100-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். விரிசல் கண்டிருந்த கட்டடத்திற்குள் அவர்களை வேலைக்கு ஏற்றியது, மலிவு விலைக்கு விரைந்து தைத்துத் தரவேண்டிய நெருக்கடி. செல்வ நாடுகள் உடுத்தி எறிந்த துணியும் விற்காத துணியும் தென்னமெரிக்கச் சிலி நாட்டின் அடகாமாப் பாலையில் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன. மலிவு என்னும் சொல்லின் பின்னே இத்தனை பிணமும் இத்தனை குப்பையும் உள்ளன.

பச்சைப் பூச்சு

இவ் வழிவைக் கண்டு உலகம் விழித்துக்கொண்டது. 'இயற்கைக்கு இசைந்த பொருள்' என்று கேட்டு வாங்குவோர் பெருகினர். உடனே வணிகர் விழித்துக்கொண்டனர்! 'ஆர்கானிக்', 'ஈக்கோ பிரண்ட்லி', 'நேச்சுரல்' என்னும் ஆங்கிலப் பெயர்கள் பொருள்மேல் ஏறின. பெயர் ஏறியதும் விலையும் ஏறியது. அரப்பும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாய் வழங்கியவை. அவையே இன்று ஆங்கிலப் பெயர் பூண்டு, நெகிழிக் குப்பிக்குள் புகுந்து, பன்மடங்கு விலையோடு திரும்பி வருகின்றன. தன் வீட்டுப் பொருளைத் தானே அடையாளந் தெரியாமல் அயற்பெயரில் வாங்கும் மயக்கம், மொழியடிமையின் நேரான விளைவு.

பூச்சினால் ஏமாறுவோர் தமிழர் மட்டுமல்லர். மூங்கில் துணி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி, மூங்கிற் கூழைக் கடும் வேதிப்பொருள்களில் கரைத்து இழுத்த செயற்கை இழையே. 2009-இல் அமெரிக்க நடுவண் வணிக ஆணையம், இத்தகைய துணியை 'மூங்கில்' என்று விளம்பரஞ்செய்து விற்ற நிறுவனங்கள்மேல் நடவடிக்கை எடுத்தது.

பழி முழுவதையும் வெள்ளையன்மேலும் வடவன்மேலும் போட்டுவிட்டுத் தமிழன் கைகழுவவும் முடியாது. தலைமுழுக்கு நீர்மத்தைச் சிறு நெகிழி உறையில் அடைத்துச் சில காசுக்கு விற்கும் முறை பரவியதில், தமிழ்நாட்டுக் கடலூருக்குத் தலையாய பங்கு உண்டு. ஏழைக்கும் எட்டச் செய்தது அது என்று அன்று புகழ்ந்தனர். அவ் வுறைகள் இன்று சாக்கடை தோறும் அடைத்துக் கிடக்கின்றன. 2019 தடை தொடங்கியபோதும், பெருநிறுவனங்கள் நெகிழி உறையிட்டு அனுப்பும் பொருள்களுக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது. அவ் விலக்கு 2020-இல் நீக்கப்பட்டதாயினும், தண்டம் விழுவது பெரும்பாலும் பூக்காரியின் பைமேலும் தள்ளுவண்டிக்காரனின் குவளைமேலுந்தான். பெருநிறுவனத்தின் உறையோ கடைதோறும் மாலைபோல் தொங்குகின்றது. சட்டத்தின் கண் மேல்நோக்கியும் பார்த்தல் வேண்டும்.

நான்கு துறை, நான்கு வினா

எனின், பொருள் வாங்கச் செல்லும் தமிழர் எதைக் கொண்டு தெளிவது? ஆங்கிலச் சீட்டை நம்பவேண்டா, விளம்பரத்தை நம்பவேண்டா. திருவெள்ளறைக் கேணிக்கு நான்கு துறைகள் இருப்பது போல், வாங்கும் பொருளிடம் கேட்க நான்கு வினாக்கள் உண்டு.

முதல் வினா: எங்கு விளைந்தது? முசிறிப் பக்கத்துக் காவிரிக்கரைக் கோரை பாயாகின்றது. தார் வெட்டியபின் வீணாகும் வாழைத்தண்டு நாராகின்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்த தாயனூரில் 1993 முதல் இயங்கும் வாழை ஆராய்ச்சி நடுவத்தார் அந் நாரின் பயன்களையும் ஆய்ந்து வருகின்றனர். பருத்தி என்பதனாலேயே ஒரு துணிக்குத் தூய்மை வந்துவிடாது என்பதையும் மறத்தலாகாது. நடு ஆசியாவில் பருத்திக்கென ஆறுகளைத் திருப்பியதால் ஆரல் கடலே வற்றியது. கரிசல் மண்ணில் மழைநீரை நம்பியே விளைந்த கருங்கண்ணி, தமிழ்நாட்டு நாட்டுப்பருத்தி. அதன் இழை குட்டை, ஆலைப்பொறி நீண்ட இழையைக் கேட்டது, கருங்கண்ணி ஒதுங்கியது. 2002-இல் மரபணு மாற்றிய பருத்திக்குத் தில்லி அரசு இசைவளித்தபின் நாட்டுவிதை மேலும் அருகியது. கருங்கண்ணித் துணி எங்கேனும் கிடைப்பின், அதை வாங்குபவன் துணியை மட்டும் வாங்கவில்லை. விதையையும் அதன் பெயரையும் சேர்த்துக் காக்கின்றான்.

இரண்டாம் வினா: எவர் கை செய்தது? செய்தவர்க்குச் சோறு கிடைத்ததா? ஊரும் பெயரும் சொல்லக்கூடிய கையினின்று வாங்குவது முதன்மை. அது இயலாவிடின், 1935 முதல் இயங்கும் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்சு போன்று, நெசவாளர்க்கு ஊதியம் சேரும் இடத்தில் வாங்குவது அடுத்தது.

மூன்றாம் வினா: எத்தனை நாள் உழைக்கும்? பருத்தி வேட்டியின் வாழ்வை எண்ணுக. இடையில் வேட்டியாய் உழைத்தது, நைந்தபின் துண்டாயிற்று, பிள்ளை பிறந்தபோது ஏணையாயிற்று, பின் அடுப்படியில் பிடிதுணியாயிற்று, இறுதியில் திரியாகி விளக்கில் எரிந்தது. ஒரு துணிக்கு ஐந்து பிறவி! பாலியெசுட்டர்ச் சட்டைக்கு ஒரே பிறவி. அதன் பின் என்றும் முடியாத சாவு.

நான்காம் வினா: கழிந்தபின் எங்குச் சேரும்? பெரும்பாலோர் இவ் வினாவைக் கேட்பதே இல்லை. திருச்சிராப்பள்ளியில் எறிந்தவை பல பத்தாண்டுகளாய் அரியமங்கலத்தில் மேடாய்க் குவிந்தன. அம் மேட்டருகே வாழ்ந்த ஏழை மக்கள் அதன் புகையைக் குடித்தனர். நெகிழி இழைத் துணியைத் துவைக்குந்தோறும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துகள்கள் நீரில் கலந்து, ஆற்றிலும் கடலிலும் மீனின் வயிற்றிலும் சேர்கின்றன. ஒருவர் எறிவது மற்றொருவர் முற்றத்தில்தான் விழுகின்றது. கேணியின் துறைகள் வேறாயினும் நீர் ஒன்றுதானே!

இந்நான்கிற்கும் முழுமையாய் விடைதரும் பொருள் எப்போதும் கிடைக்கும் என்று கூறுவது பொய். கைத்தறித் துணியிலும் நச்சுச்சாயம் இருக்கலாம். அவுரியும் சாயவேரும் தந்த நிறங்களை ஐரோப்பியச் செயற்கைச் சாயங்கள் வீழ்த்திவிட்டன; மீண்டும் தலைதூக்கும் இயற்கைச் சாயத்துணிகளின் விலை எளியோர் கைக்கு எட்டுவதில்லை. இதற்கும் விடை உண்டு. நான்கு வாங்கும் இடத்தில் ஒன்று வாங்குக. ஆண்டிற்கு ஆறு மலிவுச் சேலை எடுக்கும் குடும்பம் இரண்டு நல்ல கைத்தறிச் சேலை எடுப்பின், செலவு பெரிதும் கூடாது. குப்பை மூன்றில் ஒன்றாகும். பொருள்களுள் இயற்கைக்கு மிக இசைந்தது, வாங்காது விட்ட பொருளே!

கூலிக்கு உழைத்து அன்றாடம் வாங்கி உண்ணும் ஏழையிடம் இவ் வறத்தைப் பேசுதல் கூடாது. அவன் கையில் உள்ள நெகிழிப் பை அவன் தேர்ந்ததன்று, அவன்மேல் திணிக்கப்பட்டது. அவனுக்காகத் தேர வேண்டியது அரசு. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேலை தரும் நோக்கோடு 1983-இல் தொடங்கப்பட்ட பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் இன்றும் நடைபெறுகின்றது. கோடிக்கணக்கில் துணி எடுக்கும் அரசே தமிழ்நாட்டின் பெரிய வாங்குநர். அத் துணியில் கைத்தறிப் பருத்தியின் பங்கை ஆண்டுதோறும் உயர்த்துவதென்று அரசு முடிவெடுப்பின், ஆயிரம் மேடைப்பேச்சுச் செய்யாததை அது செய்யும். இக் கோரிக்கையைத் தமிழியக்கங்கள் எழுப்புதல் வேண்டும்.

இயக்கத்தார் முதலில்

கோரிக்கை எழுப்புமுன் இயக்கத்தார் தம் மேடையைத் தாமே பார்த்தல் வேண்டும். தமிழ் விழாக்களில் சான்றோர் தோளில் போர்த்தப்படும் பொன்னாடை எது? பெரும்பாலும் பளபளக்கும் நெகிழி இழைத் துணி. அதை உடுத்தவும் முடியாது, துடைக்கவும் உதவாது, பெற்றவர் வீட்டு அலமாரியில் அடுக்கி, இறுதியில் குப்பையில் சேரும். தமிழைப் போற்றப் போர்த்தும் ஆடை தமிழன் தறியில் நெய்யாத ஆடையா? மேடைக்குப் பின்னே தொங்கும் பதாகை எது? அதுவும் நெகிழியே. அதில் அச்சிட்ட முழக்கம் என்ன? 'தமிழ் மண் காப்போம்!' விழா முடிந்த மறுநாள் அம் முழக்கம் சாக்கடையில் கிடந்து தமிழ் மண்ணை மூடுகின்றது. இம் முரண்பாட்டைப் பகைவர் சுட்டிக்காட்டி நகைக்குமுன் தாமே களைவது இயக்கத்திற்குப் பெருமை.

செய்வது அரிதன்று. பொன்னாடைக்கு மாற்றாய் உறையூர்க் கைத்தறித் துண்டு. பதாகைக்கு மாற்றாய்ப் பருத்தித் துணியில் கையால் எழுதிய எழுத்து; விளம்பர எழுத்தருக்கும் அதனால் வேலை. குப்பித் தண்ணீருக்கு மாற்றாய் மண்பானையும் குவளையும். நெகிழித் தட்டிற்கு மாற்றாய் வாழையிலை. ஒவ்வொரு மன்றமும் தன் விழாவொன்றை இவ்வாறு நடத்திக் காட்டின், பார்த்தவர் தத்தம் வீட்டுத் திருமணத்தையும் அவ்வாறே நடத்துவர். கல்வி நிலையத்தைப் போலவே கடைத்தெருவும் தமிழ்ப்போர் நடக்கும் களம் என்பது அப்போது விளங்கும்.

திருவெள்ளறைக் கேணிக் கல்வெட்டில், வரலாற்றுச் செய்தியோடு ஒரு தமிழ்ப் பாட்டும் உண்டு. மூப்பு வந்து உடலைத் தளர்த்துமுன், உண்டது போக மிஞ்சியதை உலகறிய அறத்திற்கு வைத்துச் செல்க என்பது அதன் கருத்து. கம்பன் அரையன் தன் மிச்சத்தைக் கேணியாக வைத்துச் சென்றான்; 1200 ஆண்டுகளாய் உலகம் அறிகின்றது. இற்றைத் தமிழரும் தாம் உண்டது போக, உடுத்தது போக, ஒரு மிச்சத்தை வைத்துச் செல்லத்தான் போகின்றனர். இன்னும் 1200 ஆண்டு கழித்து அம் மண்ணைத் தோண்டுவோர் கையில் கிடைப்பது என்னவாக இருத்தல் வேண்டும்? கம்பன் அரையனுடைய வழித்தோன்றல்களின் அடையாளமாய் ஒரு நெகிழிப் பைதானா?

நாவைத் தூய்மை செய்த தமிழன், இனிக் கையைத் தூய்மை செய்க!